பெயர் மாற்றப்பட்ட போதகர்

எங்கள் கல்லூரியில் அந்த வருடம் சமயவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் இரண்டே பேர், நானும் கோராவும். நாலு வருடம் ஒரே அறை. இவள் கூட இருந்தே குழி பறிப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் அறைந்திருப்பேன்.

இருபது மைல் தள்ளி, அயோவாவின் சோளக்காட்டு நடுவே ஒரு சின்ன லூத்தரன் சபைக்கு அப்பா போதகர். கடைசி வருட ஆய்வுக்குக் கோரா அந்தச் சபையையே எடுத்துக்கொண்டாள். செப்டம்பரில் என்னையும் பேட்டி கண்டாள். பாட்டை யார் தேர்ந்தெடுப்பார்கள், ஆராதனை முடிந்ததும் காபி யார் போடுவார்கள், அவ்வளவுதான் கேள்விகள். நீட்டிய ஒப்புதல் படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜனவரியில் அப்பா என்னிடம் ஒன்றைச் சொன்னார். அம்மா இறந்ததிலிருந்து அவருக்கு ஜெபமே வரவில்லையாம். பழைய பிரசங்கங்களைத்தான் திருப்பி வாசிக்கிறாராம். சபைக்குத் தெரிந்தால் வேலை போகும், சபை கொடுத்த வீடும் போகும். தாங்க முடியாமல் அறைக்கு வந்து கோராவின் மடியில் விழுந்து அழுதேன். அவளும் கூடவே அழுதாள், பாவி.

மே மாதம் அவள் ஆய்வை வாசிக்கும் நாள். பேட்டி கொடுத்தவர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பது எங்கள் துறையின் வழக்கம். அப்பா கோட்டுப் போட்டு வந்திருந்தார். பக்கத்தில் சபைத் தலைவி திருமதி ஆஸ்ட்பி, மடியில் எலுமிச்சை கேக் தட்டோடு.

"மனைவி இறந்தபின் போதகர் 'எம்' ஜெபிப்பதில்லை" என்று வாசித்தாள் கோரா.

திருமதி ஆஸ்ட்பி மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். அவள் வாசித்து முடித்ததும், கைதட்டலுக்கு நடுவே மேடையோரம் அவளிடம் ஓடினேன்.

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"பேரை மாத்திட்டேனே, ஹெடி."

"அந்த ஊர்ல இருக்கிறதே ஒரு போதகர்டி."

"கையெழுத்துப் போட்டது நீதானே? இந்த வருஷம் நீ எங்கிட்ட பேசுறது எல்லாத்தையும் ஆய்வுல சேத்துக்கலாம்னு அதுல இருக்கு. படிச்சுப் பாரு."

அதற்குள் அப்பா எழுந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? இதை உங்கிட்ட சொன்னவங்க, சம்மதிச்சுதான் சொன்னாங்களா?"

"ஆமா சார். எழுத்துல வாங்கியிருக்கேன்."

அப்பா தலையாட்டினார். பிறகு மேடையோரம் நின்ற என்னைப் பார்த்தார். உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் அவர் அதைச் சொல்லியிருந்தார்.

"அப்படின்னா சரி" என்றார், என்னைப் பார்த்தபடியே. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.