விட்டுக்கொடுத்த பள்ளிக்கூடம்

எங்கள் கல்வியியல் துறையின் வாசலில் துறையின் கொள்கைகளைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். ‘சக ஆசிரியரின் உயர்வில் மகிழ்வோம்’ என்ற வரி நான் கொடுத்தது. எண்பத்தெட்டில் பேபி புது விரிவுரையாளராக வேலைக்குச் சேரும்வரை அதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

வந்த சில வாரங்களிலேயே மாணவர்கள் என் மேசையைத் தாண்டிப்போய் அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கற்பித்தல் பயிற்சியை யார் எந்தப் பள்ளியில் மேற்பார்வையிடுவது என்று பிரிப்பது என் பொறுப்பு. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளியை நான் வைத்துக்கொண்டு, பஸ் ஒழுங்காக வராத மாடம்பாக்கத்தை அவள் தலையில் கட்டினேன். வெயிலில் அலையட்டும்.

ஆண்டு இறுதியில் பல்கலைக்கழகக் குழு வந்தது. குழுத் தலைவர் பலகையைக் காட்டி, “இதெல்லாம் நடைமுறையில இருக்கா?” என்றார்.

பேபி எழுந்து என்னைக் காட்டினாள். “இருக்கு சார். நான் புதுசுன்னு, சம்பந்தம் சார் நல்ல ஸ்கூலா பாத்து எனக்கு விட்டுக்குடுத்தார். நான் நிஜமா டீச்சர் ஆனது அந்தப் பிள்ளைங்ககிட்டதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் என் கையைக் குலுக்கினார். என்னைப் புகழ்ந்ததைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள், பாவி!

அடுத்த ஆண்டு மாடம்பாக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.