வடக்கு வாசல் கதவு உள்பக்கம் திறக்கும்

கழுதைகள் மேலத்தெருவை உழுது முடித்து நடுத்தெருவுக்குத் திரும்பியபோதும், ஆவுடைநாயகம் சரணடைய முயன்றுகொண்டுதான் இருந்தார்.

எதிர்த்த ஊரைக் கழுதை பூட்டி உழுது கொள்ளு விதைப்பது பேரரசரின் வழக்கம். பணிந்த ஊர் என்றால் ஒரு வாழைத்தாரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்த ஊரும் தார் வெட்டித் தயாராகத்தான் இருந்தது. அது தெருமுக்கில் கனிந்து கறுத்துக்கொண்டிருந்தது.

வினை வடக்கு வாசலில் வந்தது. அது உள்பக்கம் திறக்கும் கதவு. வாசல் காவலர் ஆவுடைநாயகம் தாழை எடுத்துவிட்டார். ஆனால் கதவை இழுக்க இடமில்லை. நான் முந்தி, நீ முந்தி என்று பணிய வந்த ஊர் மொத்தமும் அவர் முதுகில் சாய்ந்து தள்ளியது. வெளியே யானை தள்ளியது. யானை தோற்று உட்கார்ந்துவிட்டது. இப்படி ஓர் எதிர்ப்பைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று பேரரசரே சொன்னாராம். பிறகு படை சுவரை இடித்துக்கொண்டு வந்தது.

"இழுங்க இழுங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேன்லா," என்றாள் அவர் மனைவி கோமதி.

"எங்க இழுக்க விட்டானுவ?"

ஆவுடைநாயகம் உழவை மேற்பார்த்த ஏர் அதிகாரியிடம் போனார். அதிகாரி குடைக்குக் கீழே உட்கார்ந்து கழுதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாங்க எதிர்க்கல. பணியதுக்குத்தான் தள்ளுனோம்."

"யானைக்கு அப்படித் தெரியலயே."

"யானைகிட்ட நான் பேசுதேன்."

"அது யாரோடயும் பேசுறதில்ல. அவமானம்."

"மேலத்தெரு ஆளுக எங்கய்யா?"

அதிகாரி குச்சியால் மண்ணைக் காட்டினார். கொள்ளு அதற்குள் காய்த்திருந்தது. ஆவுடைநாயகத்துக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கேட்க ஆளில்லாத ஆத்திரம்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவர் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் கழுதைகள் ஒரு வீட்டை உழுதன. சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தார். கழுதைகள் வேகமாக நடந்தன. வாயை மூடிக்கொண்டார். அதற்கும் ஒரு வீடு போனது.

கடைசியில் அவர் வீடு மட்டும் நின்றது. உள்ளே கோமதி உலை வைத்திருந்தாள்.

"ஒரு வழி இருக்கு," என்றார் அதிகாரி. "அந்தக் கதவு இன்னும் சாத்தித்தான் கிடக்கு. யானை தோத்த வாசல் வழியாத்தான் நுழைவேன்னு பேரரசர் வெளிய நிக்கிறாரு. நீ திறந்துட்டா, இது பணிஞ்ச ஊரு. உன் வீட்டுல கை வைக்க மாட்டோம்."

ஆவுடைநாயகம் தாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வாசல் வரவே இல்லை. உழுத ஊர் உழாத ஊரைவிடப் பெரியதாக இருந்தது.

சுவர் இல்லாமல் கதவு மட்டும் கொள்ளுக் காட்டில் நின்றது. அவர் வளையத்தைப் பிடித்தார். பழக்கத்தில், முதுகில் யாராவது இடிப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் இடிக்கவில்லை. ஒரு கையால் இழுத்தார். கதவு திறந்துகொண்டது.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

பேரரசர் உள்ளே வந்தார். மெலிந்த மனிதர். சளி பிடித்திருந்தது. ஒரு பழத்தை உரித்துத் தின்றார்.

"பணிந்த ஊரா?"

"ஆமா மகாராசா."

"பழம் நன்றாக இருக்கிறது. ஊர் எங்கே?"

ஆவுடைநாயகம் மண்ணைக் காட்டினார்.

பேரரசர் தோலைக் கீழே போட்டார். "என்னிடம் பணிந்த ஊரை உழுதது யார்?"

அதிகாரி கழுதைகளைப் பார்த்தார். பேரரசர் காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். தூரத்தில் ஒரே ஒரு கூரையில் புகை எழுந்தது.

"அது யார் வீடு?"

"என் வீடுதான் மகாராசா."

"எல்லா வீடும் போயிருக்கிறது. உன் வீடு மட்டும் நிற்கிறது."

ஆவுடைநாயகம் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கழுதைகள் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. அவற்றுக்கு முன்னால் ஓடி வீடு சேர்ந்தார்.

கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தடவையாவது இழுத்தியளா?"

"இழுத்தேன்."

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

"அப்பொ சரி," என்று சொல்லி, அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.