மஞ்சள் சுவர்

கடைசியில் தம்பி அக்காவைப் படகில் ஏற்றிவிட்டான். இன்றைக்கு, நாளைக்கு என்று தட்டிக்கழித்துத்தான் பார்த்தான். அவளா விடுவாள்! "அவரு போன இடத்தை நான் ஒரு தடவை பாக்கணும். நீ கூட்டிட்டுப் போறியா, நான் நீந்திப் போகட்டுமா?" என்று வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

மச்சான் கடலில் செத்துப்போனதைவிட ஊர் பேசிய பேச்சுதான் அவளை அரித்தது. இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நங்கூரம் போட்ட ஆள், அலை உடைகிற மேட்டின் மேலேயே கொண்டுபோய்ப் போடுவாரா? குடித்திருப்பார், வேறென்ன! ஐஸ் கடைக்காரன்கூட அப்படித்தான் சொன்னான். மகள் பிறந்த அன்று சத்தியம் செய்து குடியை விட்ட மனுஷன். அந்தச் சத்தியமும் பொய்யா என்று அக்கா உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

அவர் குடிக்கவில்லை. தம்பிக்குத் தெரியும். இடம் எப்படித் தப்பிப்போனது என்பதும் தெரியும். அதைச் சொன்னால் மச்சான் பேர் மீளும், ஆனால் அக்கா உடைந்துபோவாள். பாவி, இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவான்?

கரையோரம் மீன் பிடிக்கிறவனுக்கு இடம்தான் எல்லாம். தண்ணீருக்குள் கிடக்கிற பாறையின் விளிம்பில்தான் மீன் நிற்கும். படகும் அதற்கு நேர் மேலே நிற்க வேண்டும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் பாறையின் மேடு. பெரிய அலை வந்தால் அங்கே உடைந்து படகைப் புரட்டிப் போட்டுவிடும். கடலில் என்ன கோடா போட்டு வைத்திருக்கிறது? கரையைப் பார்த்துத்தான் கணக்கு. தண்ணி டேங்கும் பின்னாலுள்ள குன்றின் உச்சியும் நேராக வர வேண்டும். செங்கல் சூளைப் புகைபோக்கிக்கு நேர் கீழே மச்சான் வீட்டு மஞ்சள் சுவர் வர வேண்டும். இரண்டும் கூடிய இடத்துக்குச் சற்று முன்னால், நீரோட்டம் வருகிற பக்கமாக நங்கூரத்தை இறக்கிக் கயிற்றை விட்டுக்கொண்டே வந்தால், படகு தானாகப் பின்வாங்கி விளிம்புக்கு மேலே வந்து நிற்கும்.

அந்த மஞ்சளுக்காக அக்கா போட்ட சண்டை கொஞ்சமா? "தெருவே வெள்ளையா இருக்கு, நமக்கு மட்டும் என்ன கேடு? கண்ணைக் குத்துது!" மச்சான் சிரித்து மழுப்புவார். மீன் கிடக்கிற இடத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஆட்கள் இவர்கள். "உங்கக்காகிட்ட சொன்னா மார்க்கெட்டுல மைக் கட்டின மாதிரிதான்" என்று தம்பியிடம் கண்ணடிப்பார்.

அவர் இன்ஜினைப் பழுதுபார்க்க வெளியூர் போயிருந்தபோது, கடல் பக்கச் சுவருக்கு அக்கா தன் கையாலேயே வெள்ளையடித்துவிட்டாள். வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று ஆசை. அவர் இருட்டில் வந்தார். விடியுமுன்னே தனியாகக் கிளம்பிவிட்டார். தம்பி காய்ச்சலில் மாமியார் வீட்டில் கிடந்தான். தேடப் போனபோதுதான் அவனும் கடலிலிருந்து கரையைப் பார்த்தான். மஞ்சளைக் காணோம். மச்சான் குத்துமதிப்பாகத்தான் நங்கூரம் போட்டிருப்பார். படகு மேட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நங்கூரம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு அலை அடங்கியிருந்தது. மேட்டுக்குத் தள்ளியே இன்ஜினை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினான்.

"அதோ லேசா நுரை தெரியுது பாரு. அங்கதான்க்கா."

அக்கா வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"குடிச்சிருந்தாரா? மறைக்காம சொல்லு."

"தொடவே இல்லக்கா. என் பிள்ளை மேல சத்தியம்."

"அப்புறம் எப்படிடா?"

"மூட்டமா இருந்திருக்கும். கரை தெரிஞ்சிருக்காது."

சொல்லிவிட்டான். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கயிறு இறுகியது. கயிறு இறுகினால் கரையைப் பார்த்துச் சரிபார்ப்பது ஊறிப்போன பழக்கம். அவன் கண் டேங்குக்குப் போனது, புகைபோக்கிக்குப் போனது, அதன் கீழே போய் நின்றது. அக்காவின் கண்ணும் கூடவே போனது. அங்கே வரிசையாக வெள்ளை வீடுகள்.

"நம்ம வீடு எதுடா?"

அவன் குனிந்து, இறுகிய கயிற்றைப் பிடித்துப் பார்த்தான்.

"முன்னெல்லாம் இங்கேருந்து பாத்தா நம்ம வீடு மட்டும் பளிச்சுனு தெரியும்னு, அப்பாகூடப் படகுல வந்துட்டுப் போயி பாப்பா சொல்லுவா."

அவள் கை படகின் விளிம்பை இறுகப் பற்றியது.

"அக்கா, நீயா எதையாவது நினைச்சுக்காத…"

"வெள்ளை ஒரு தடவை அடிச்சப்போ உள்ளேருந்து மஞ்சள் தெரிஞ்சுதுடா" என்றாள். "எனக்குத்தான் மனசு கேக்கல. மறுபடியும் ஒரு தடவை அடிச்சேன்."