ஒவ்வொரு வரியின் வாலிலும்

'கணினி பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான்.' சரக்குக் கம்பெனியின் கணினிப் பிரிவுத் தலைவர் இந்தத் தத்துவத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். சுவரில் ஈரம் கசிந்த இடத்தை மறைக்கவும் அது உதவியது.

அன்று காலை கணினி சொன்னது அவருக்கே பொய்யாகப் பட்டது. லாரிகளுக்கு டெலிவரி விவரம் எடுத்துக் கொடுக்கும் புது ஸ்கிரிப்டை ஓட்டினால், 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்றது சர்வர். ஃபைலோ குத்துக்கல் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. வாசலில் டிரைவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் வந்து நின்றதும் தலைவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நம்ம புது ஆள் எழுதினது சார். கையில வேகம் இருக்கு, கவனம்தான் இல்ல."

புது ஆள் என்றால் அவர் மனைவியின் தம்பி. அவன் வேலை நிரந்தரமா, நடையைக் கட்டவேண்டியதுதானா என்று மேனேஜர் அன்றுதான் முடிவு சொல்ல இருந்தார்.

"அத்தான், நேத்து ஓட்டிப் பாத்துட்டுத்தானே உங்ககிட்ட குடுத்தேன்?"

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு."

"சரி, சார் அத்தான்."

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஸ்கிரிப்டை வரிவரியாக மேய்ந்தார். எழுத்து சரி, இடைவெளி சரி. கடைசியில், கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டச் சொல்லி ஒரு கட்டளை போட்டார். அடேயப்பா! ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு '^M' தொங்கியது. வரி முடிந்தது என்று சொல்ல விண்டோஸ் இரண்டு குறி போடும். சர்வரில் ஓடும் லினக்ஸுக்கு ஒன்றே போதும். மிச்சமுள்ள குறியையும் ஃபைலின் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு பெயரைத் தேடி அலைந்திருக்கிறது சர்வர்.

"பிடிச்சுட்டேன் சார்!" தலைவரின் குரல் பக்கத்து அறைவரை போனது. "விண்டோஸ் மெஷின்ல திறந்து சேவ் பண்ணியிருக்கான். அரிச்சுவடி தெரியாதவன் பண்ற வேலை!"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "என் லேப்டாப்ல விண்டோஸே கிடையாதே. லினக்ஸ் போட்ட ஓட்டை டப்பான்னு நீங்கதானே சிரிச்சீங்க?"

மேனேஜர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். விண்டோஸ் ஓடிய ஒரே திரை தலைவரின் மேசையில்தான் இருந்தது, அறையிலேயே பெரிய திரை.

தலைவருக்குக் காது மடல் சுட்டது. மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தான். உடனே பார்வையை விலக்கிக்கொண்டான்.

"சர்வர்ல ஏதாவது அப்டேட் வந்து மாத்தியிருக்கும் சார்," என்றான் மேனேஜரிடம். "அப்படியும் ஆகும்."

அப்படியெல்லாம் ஆகாது என்று தலைவருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் திட்டியிருந்தால்கூட இத்தனை கூசியிருக்காது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும், மானம் தப்பிவிடும். வாய்வரை வந்த அந்த வார்த்தையை எச்சிலோடு விழுங்கினார்.

"அப்டேட் இல்ல சார். நான்தான். நேத்து என் மெஷின்ல, வேர்ட்பேட்ல திறந்து சேவ் பண்ணினேன்."

"நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குய்யா திறந்தீங்க?"

தலைவர் கீபோர்டுப் பக்கம் திரும்பினார். உபரிக் குறிகளை எல்லாம் நீக்கினார். ஸ்கிரிப்ட் ஓடியது, வெளியே ஹாரன் ஓய்ந்தது. மேனேஜர் மச்சினனின் தோளில் தட்டிவிட்டு, "நாளையிலிருந்து நீ பர்மனெண்ட்," என்றார். பிறகு திரையை நோக்கிக் குனிந்தார்.

முந்தின நாள் தலைவர் ஸ்கிரிப்டில் சேர்த்தது ஒரே ஒரு வரி. 'எழுதியவர்' என்று போட்டு, தலைவரின் பெயர் இருந்தது.