மிமூன் என்று கூப்பிடாதீர்கள்

என் அண்ணன் மிமூன் எங்கள் துணிக்கடையின் ஏணியிலிருந்து விழுந்து, மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணி சுலீக்கா முதல் வேலையாக அவன் பெயரை மாற்றினாள்.

எங்கள் யூதக் குடும்பங்களில் இது வழக்கம்தான். ஆள் பிழைப்பது சந்தேகம் என்றால் வேறு பெயர் வைத்துவிடுவோம். சாவுத் தூதன் மேலேயிருந்து பழைய பெயரோடு வருவான், கூப்பிட்டுப் பார்ப்பான், அப்படி ஒருவன் இங்கே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவான். எங்கள் ஊர் காஸாபிளாங்காவில் வாடகை கேட்டு வருகிறவனைக்கூட இப்படி ஏமாற்ற முடியாது என்பது என் கருத்து. அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் மதகுரு ரப்பி ஷலோம் வந்தார். பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஊரில் மிச்சமிருக்கும் எங்கள் ஆட்களில் மாடிப்படி ஏறக்கூடியவர்களைத் திரட்டிப் பார்த்ததில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். பத்தாவதாக என்னை நிறுத்தினார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. தலை எண்ணுவதற்கு அது ஒரு தடையே இல்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்களை வாசித்து, அண்ணனுக்கு ஹாயிம் என்று பெயர் வைத்தார்கள். உயிர் என்று பொருள். சுலீக்கா எல்லோருக்கும் புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து பழைய பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. வாய் தவறிச் சொன்ன நர்ஸுக்கு ஒரு முறைப்பு. சரியாகச் சொன்ன நர்ஸுக்குப் பாதாம் பலகாரம். இரண்டாவது நாளே அந்த மாடி முழுவதும் அவன் ஹாயிம் ஆகிவிட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்க மருந்தை நிறுத்தினார்கள். இனி விழித்துக்கொள்ள வேண்டியது அண்ணனுடைய பொறுப்பு என்றார்கள். அவன் எந்தப் பொறுப்பையும் லேசில் ஏற்றுக்கொள்கிறவன் இல்லை. சுலீக்கா கட்டிலருகே உட்கார்ந்து விடாமல் சங்கீதம் படித்தாள். ஆயுள் முழுக்க, சங்கீதம் காதில் விழுந்தாலே தூங்கிவிடுகிறவன் என் அண்ணன்.

டாக்டர் லஹ்லூ தினமும் காலையில் வந்து குனிந்து கூப்பிடுவார். நல்ல மனிதர். அண்ணி எப்படிச் சொல்கிறாளோ அப்படியே கூப்பிட்டார்.

"ஹாயிம்! கண்ணத் திறங்க பாக்கலாம். ஹாயிம்!"

அண்ணன் அசையவில்லை. நாலாவது நாள் டாக்டர் எங்களை வெளியே அழைத்தார்.

"கிள்ளினா கைய இழுக்கறார். கூப்பிட்டா ஒண்ணுமே இல்ல. பேச்சைப் புரிஞ்சுக்கற இடத்துல அடி பட்டிருக்கலாம். இனிமே வீட்டுக்கு வந்தாலும், அம்மா, உங்கள அவருக்குத் தெரியாம போகலாம்."

சுலீக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையிலிருந்த சங்கீதப் புத்தகத்தை மூடினாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வேறு எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று டாக்டரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர், அவன என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"ஹாயிம்."

"அந்தப் பேரு அவனுக்குத் தெரியாதே."

"என்ன சொல்றீங்க?"

"அவன் மயக்கத்துல இருக்கும்போது வெச்ச பேரு. அவன்கிட்ட இன்னும் யாரும் சொல்லல."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரான்சில் படித்தவர். "உயிரெடுக்க வர்றவர் எங்க இஸ்லாத்துலயும் உண்டு," என்றார் கடைசியில். "ஆனா இந்தச் சிக்கல எனக்கு யாரும் பாடம் நடத்தல." சொல்லிவிட்டு அறையை நோக்கி நடந்தார்.

சுலீக்கா எழுந்து போய் வாசலை மறித்தாள். "உள்ள போய் அந்தப் பேரச் சொன்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

வராந்தாவில் இருந்த ரப்பி ஓடி வந்தார். "சுலீக்கா, நாம புதுப் பேரச் சேக்கறதுதாம்மா. பழச அழிக்கறதில்ல. ரெண்டையும் சொல்லியே கூப்பிடலாம், தப்பில்ல."

"நீங்க சொல்லுவீங்க, ரப்பி. வர்றவன் உங்ககிட்டயா சந்தேகம் கேப்பான்?"

ரப்பி யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"அண்ணி, கூப்பிடலன்னா அண்ணன் எந்திரிக்கவே மாட்டான்," என்றேன்.

"கூப்பிட்டா, வாசல்ல நிக்கறவன் உள்ள வந்துருவான், தம்பி. முப்பது வருஷமா அந்தப் பேரச் சொல்லித் திட்டியிருக்கேன். இப்ப அதே பேரச் சொல்லி நானே அவரத் தூக்கிக் குடுக்கவா?"

அதுவரை எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. இதற்கு இல்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேற யாரும் வேணாம். நானே கூப்பிடறேன்."

நான், அவள், டாக்டர் மூன்று பேரும் உள்ளே போனோம். அவள் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு அண்ணன் காதருகே குனிந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"மிமூன்!"

"நான்தான்!" என்றேன்.

எப்படி அது என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. கதவைப் பார்த்து, சத்தமாகச் சொல்லியிருந்தேன். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். சுலீக்காவும் திரும்பினாள். நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைய என்னைப் பார்த்தாள். பிறகு, அடுக்களையிலிருந்து கத்துகிற குரலில் கத்தினாள்.

"மிமூன்! காது கேக்கல?"

"கேக்குது! நான்தான் மிமூன்! இங்க நிக்கறேன்!"

பயமாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள். அப்பா பெயரைக்கூடச் சேர்த்துச் சொன்னேன், வருகிறவனுக்கு அடையாளத்தில் குழப்பம் வேண்டாமே என்று.

"மிமூன்! எந்திரிங்க!"

"இதோ, வரேன்!"

டாக்டர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "பேசாதீங்க," என்றார். "அங்க பாருங்க."

அண்ணன் கண்ணைத் திறந்திருந்தான். முதலில் சுலீக்காவைப் பார்த்தான். அவளை அவனுக்குத் தெரிந்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தான், இவன் எதற்கு இப்படிக் கத்துகிறான் என்பது போல.

சுலீக்கா ஒரு கையால் அவன் கையைப் பிடித்தாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள், நகம் பதிகிற அளவுக்கு.

"ரெண்டு பேரையும் விட மாட்டேன்," என்றாள், கதவைப் பார்த்து.