சேனை வைத்த விரல்

...திரியவில்லை என்றுதானே சொன்னார், டாக்டரம்மா தன் வாயாலேயே சொன்னார், குருவம்மாள் காதால் கேட்டாயிற்று, அப்புறமும் ஏன் இந்த வாசலை விட்டு நகராமல் நிற்கிறாள்... அன்றைக்கும் இதே சோதனை அறை வாசலில் நின்றுதானே எட்டிப் பார்த்தாள், கறுப்புக் கண்ணாடியில் தம்பி மகனின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரை ஒரு சொட்டு விட்டு, பால் மாதிரி எதையோ கலந்து ஆட்டினார்கள், ஆட்ட ஆட்டத் திப்பி திப்பியாய்த் திரிந்தது. கிருமி ஏறினால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒரு புரதம் கூடும், கூடினால் இப்படித் திரியும், கிருமி அடங்கினால் திரியாது என்று டாக்டரம்மா நிதானமாகத்தான் விளக்கினார். முன்னெல்லாம் இதற்கு மதுரைக்கு ஓட வேண்டுமாம், இந்த வருசம்தான் அருப்புக்கோட்டைக்கே வந்ததாம், கொண்டுவந்தவன் நல்லா இருக்கட்டும்... தாய்ப்பாலைத் தவிர வேறு என்ன கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டபோது, பெற்றவள் ரேணுகாதேவி குனிந்த தலை நிமிராமல் ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லையா? திருச்சுழி வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்க, சேனை வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும், எங்க மதினியே வைக்கட்டும் என்று கூப்பிட்டவளே அவள்தானே, பிள்ளையில்லாத தன்னை அதுவரை யார் இதற்கெல்லாம் கூப்பிட்டார்கள், பூரித்துப்போய்ச் சீனியைத் தண்ணீரில் கரைத்து விரலால் தொட்டுப் பிள்ளை நாக்கில் தடவினாளே, தண்ணீரைக் காய்ச்சினாளா, பருத்திக் காட்டிலிருந்து வந்த கையைக் கழுவினாளா... குருவம்மாளை யாரும் கேட்கவில்லை, கேட்காததுதான் அவளைக் கொன்றது, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்த நாளெல்லாம் அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இன்றைக்குத் திரியவில்லை. பால் பாலாகவே கிடந்தது, ஊசியை நிறுத்திவிடலாம், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் டாக்டரம்மா. அப்பாடா, இருக்கன்குடி மாரி, உனக்கு மாவிளக்குப் போடுகிறேன் தாயே... தம்பி சங்கரபாண்டியன் நட்டநடு வராண்டாவில் நின்று சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை, கூறுகெட்டவன், முதலில் திருச்சுழி பஸ் எப்போது என்று கேட்டுவைக்கக் கூடாதா, அவளுக்கும் கண் நிறைந்து வழிகிறது, வழியட்டுமே, இத்தனை நாள் வராத கண்ணீர். ரேணுகாதேவி பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

“ஒங்க குணந்தான் மதினி. எதுக்கும் அசராம கெடந்து பொழச்சுக்கிட்டான்.”

ரேணுகாதேவிக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் அன்றைக்கு ஒன்றுமில்லை என்றாள்... பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது, நல்ல பசி, தலையைத் திருப்பித் திருப்பித் தேடி குருவம்மாளின் விரலைப் பிடித்து வாய்க்கு இழுத்தது, அதே விரல், வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான், பிறகென்ன பயம். திரியக் கூடாது, திரியக் கூடாது என்று மாரியிடம் மன்றாடினாளே, பிள்ளை பிழைக்க வேண்டும் என்றா, பழி தன் விரலுக்கு வந்துவிடக் கூடாது என்றா... இரண்டையும்தான் கேட்டாள், ஆனால் எதை முதலில் கேட்டாள்? பிள்ளை மறுபடியும் வாயைத் திறந்தது.