இரவல் கொடுத்தவன் பெயர்

பம்பு கம்பெனியில் என் கணவருக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். அசெம்பிளி பிரிவில் நின்று அவர் பேசினால் பேக்கிங்கில் இருக்கும் எங்களுக்குக் காது அடைக்கும். அன்றைக்கு நிஜமாகவே ஒரு மைக் கிடைக்கப் போகிறது என்றதும் மனுஷனுக்குக் கால் தரையில் படவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி ஷேரை யார் யாரோ ஷார்ட் செல்லிங் செய்து விலையைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதாவது, தன்னிடம் இல்லாத ஷேரை இரவல் வாங்கி விற்பது, விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பது, நடுவில் நிற்கும் லாபத்தைப் பையில் போட்டுக்கொள்வது. பக்கத்து வீட்டுக் குடையை இரவல் வாங்கி மழையில் விற்றுவிட்டு, வெயில் வந்ததும் பாதி விலைக்கு இன்னொரு குடை வாங்கிக் கொடுக்கிற கதை. இது என் மண்டையில் ஏறவே ஒரு மாதம் ஆயிற்று. இப்படி விற்கிறவர்கள் பெயரை வெளியிட வேண்டுமா என்று பங்குச்சந்தை வாரியம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டிருந்தது. எங்கள் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் பேச மைக்கை விட்டால் வேறு ஆள் ஏது?

கம்பெனி எங்களுக்குப் போனஸுக்குப் பதில் பல வருஷம் ஷேராகவே கொடுத்திருந்தது. விலை இறங்க ஆரம்பித்தபோது, "பயந்து வித்தா இன்னும் விழும், ஒருத்தரும் விக்கக் கூடாது" என்று எல்லாரையும் சபதம் எடுக்க வைத்தவர் இவர்தான். சபதத்தை மட்டும் நம்புகிற ஆளா? ஒருவரும் கள்ளத்தனமாக விற்றுவிடக் கூடாதென்று எல்லார் ஷேரையும் சங்கத்தின் பெயரில் ஒரே கணக்கில் சேர்த்து, என் தங்கை வேலை பார்க்கும் ஷேர் புரோக்கர் ஆபீசில் போட்டுவைத்தார். லேத் ஓட்டி, அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகும் டர்னர் அண்ணனின் வாழ்நாள் சேமிப்பும் அதற்குள்தான் இருந்தது.

அந்தக் கணக்கில் மாதாமாதம் ஏதோ கொஞ்சம் வரவும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், விலை விழ விழ அது ஏறியது. சாப்பாட்டு அறைக்கு அதில்தான் ஃபேன் வாங்கினோம். "பாத்தியா, கம்பெனி நம்மளக் கைவிடல" என்று ஃபேனுக்கடியில் நின்று சொன்னார் இவர்.

கூட்டம் நடக்கும் மண்டபத்து வராந்தாவில் என் தங்கை நின்றிருந்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்கக்கா, ஆபீஸ்ல. மாமா என்ன பேசப் போறாரு?"

"ஷார்ட் செல்லிங் பண்றவன் பேரையெல்லாம் வெளிய விடுன்னு."

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா, அவங்களுக்கு ஷேரை இரவல் கொடுக்கறதே நீங்கதானே?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மாமாதானே சொன்னாரு, சும்மா கிடக்கறதுக்கு ஏதாவது வருமானம் வர்ற மாதிரி பண்ணுன்னு? விக்கவே மாட்டோம்னு சபதம் போட்ட ஷேர். திடீர்னு திருப்பிக் கேக்க மாட்டீங்க. இரவலுக்கு இதைவிடத் தோதா எது கிடைக்கும்? சந்தையில சுத்தற இரவல்ல பெரும்பாதி உங்களோடது."

"அப்ப ஃபேன்?" என்றேன்.

"வாடகைக் காசு. கிராக்கி ஏறுதுல்ல, வாடகையும் ஏறுது."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னடி?"

"உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன். வேணும்னா திருப்பிக் கேளுங்க. இரவல் வாங்கினவன் அலறியடிச்சு சந்தையில வாங்கித் தரணும். விலை ஏறினாலும் ஏறும். ஏறாமலும் போகும், அதை என்னைக் கேக்காத."

சொந்தக் காசில் சூனியம் என்பார்கள். இது அதுதானா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. விற்றால் விழும் என்று விற்காமல் இருந்தோம். விற்காமல் இருந்ததால்தான் அவர்களுக்கு விற்கக் கிடைத்தது. அப்படியானால் நாங்கள் களவு கொடுத்தவர்களா, களவுக்குக் கூட்டா? யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாமல்.

அவசரமாக உள்ளே போனேன். இவர் முன்வரிசையில் உதடு அசையப் பேச்சை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு நிமிஷம். நம்ம ஷேரைத்தாங்க அவங்க..."

"இப்பக் குழப்பாதம்மா, மனப்பாடம் பண்ணினது போயிடும்."

அதற்குள் அழைத்துவிட்டார்கள். நான் டர்னர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் பேசினார், பாவி. எங்கள் உழைப்பை விற்கிறவன் முகமூடி போட்டுக்கொண்டு விற்கலாமா என்று கேட்டார். மண்டபமே கை தட்டியது. மேடையில் இருந்த அதிகாரி அம்மா பேனாவை எடுத்தார்.

"ஒரு கேள்வி. விக்கறவங்க பேரு மட்டும் போதுமா? ஷேரை இரவல் கொடுக்கறவங்க பேரும் வரணுமா?"

மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. நான் எழுந்து நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் பேருதாம்மா முதல்ல வரணும்! வெளியாள் திருடறது வேற. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே திருடனுக்குச் சாவியை வாடகைக்கு விடறான் பாருங்க, அவனை ஊரறிய நிறுத்தணும்!"

டர்னர் அண்ணன் எழுந்து நின்று தட்டினார். கண் கலங்கியிருந்தது. "என்னமாப் பேசறான்! தட்டும்மா" என்றார். தட்டினேன்.

அதிகாரி எழுதிக்கொண்டு, "எந்தச் சங்கத்தோட சார்பில?" என்று கேட்டார்.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கள் சங்கத்தின் முழுப் பெயரையும், பதிவு எண்ணோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.